ஜெர்மனியில் படிக்கப் போகும் கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அங்குள்ள பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பிவிடாதீர்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் சபைகளுக்காக அரசு வசூலிக்கும் தேவாலய வரிக் கணக்கில் உங்கள் பெயரும் சேரும். வருமான வரியில் 9 சதவீதம். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8. சம்பளத்தில் அல்ல, வருமான வரியில்தான் இந்த சதவீதம். எனவே வருமான வரி கட்டாத மாணவருக்கு இது பூஜ்யம். வேலையில் சேர்ந்த பிறகுதான் சம்பளச் சீட்டில் தனி வரியாக எட்டிப் பார்க்கும்.

அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. விசுவாசத்தை மறைத்து மிச்சம் பிடிக்கும் காசு எனக்கு உவப்பானதல்ல. தெரிந்து எழுதுங்கள், அவ்வளவுதான். பிறகு சபையிலிருந்து விலக வேண்டுமென்றால் அரசு அலுவலகத்தில் முறைப்படி அறிவிக்க வேண்டியிருக்கும். அப்படி விலகுபவர்களுக்கு அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபை நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களை மறுக்கவும் செய்கிறது. சுயாதீன சபைகள் பெரும்பாலும் இந்த வரியை வாங்குவதில்லை, காணிக்கையில்தான் நடக்கின்றன.

ஆலயம் தேடும்போது, பல்கலைக்கழக நகரங்களில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகள் இரண்டும் நடத்தும் மாணவர் சமூகங்களை முதலில் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல் காப்பி நேரத்துக்கு இருங்கள். அறிமுகங்கள் அங்கேதான் கிடைக்கும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.