வெளிநாட்டு கம்பெனி வருதுன்னு நியூஸ் வந்தா யாருக்கு என்ன ஆகும்னு கணக்குப் போடுறது எப்படி

மதுரைல எந்த டீக்கடைல உக்காந்தாலும் இந்தப் பேச்சு வந்துரும், பெரிய கம்பெனி எல்லாம் சென்னைக்கும் ஓசூருக்கும் போயிருது, நம்ம பக்கம் ஒண்ணும் வர மாட்டேங்குதுன்னு. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. எங்க அக்கா மக உசிலம்பட்டில இருந்து ஸ்ரீபெரும்புதூர் போயி, ஹாஸ்டல்ல தங்கி ஒரு வெளிநாட்டு கம்பெனில அசெம்ப்ளி லைன்ல நின்னு வேலை பாத்தா. வேலை கிடைச்ச அன்னைக்கு தெருவுக்கே முட்டாய் குடுத்தோம், ரெண்டே வருசத்துல காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சுன்னு பெட்டியோட வந்து நின்னா. அதுல இருந்து "ஊருக்கு நல்லதா கெட்டதா"ன்னு நான் கேக்குறதே இல்ல, ஊருங்கிறது ஒரே ஆளு கிடையாது. ஒரு நோட்டு எடுத்து ஆள் ஆளாப் பிரிச்சு எழுதுனாதான் புரியும், எப்படி எழுதுறதுன்னு சொல்றேன்.

மொதல்ல வர்றது என்ன பணம்னு பாருங்க. புதுசா இடம் வாங்கி ஃபேக்டரி கட்டுறது ஒரு வகை, ஏற்கனவே ஓடிட்டு இருக்க கம்பெனியோட பங்க வாங்குறது வேற வகை. 2018ல வால்மார்ட் ஃப்ளிப்கார்ட்டுல 77 சதவீதம் வாங்க குடுத்தது 1600 கோடி டாலர், அதுல புதுப் பணமா கம்பெனிக்குள்ள போனது 200 கோடி டாலர்தான், மிச்சம் பழைய பங்குதாரருங்க கைக்குப் போச்சு. அதே மாதிரி 2024 ஜனவரில சென்னைல நடந்த முதலீட்டாளர் மாநாட்டுல 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு புரிந்துணர்வு ஒப்பந்தம்னு பேப்பர்ல வந்துச்சு, அதுல நம்ம நாட்டு கம்பெனிகளும் சேர்த்தி, புரிந்துணர்வு ஒப்பந்தம்னா "போடப்போறோம்"னு சொல்ற வார்த்தைதான். தலைப்புச் செய்தில வர்ற தொகைய அப்படியே நோட்டுல ஏத்தாதீங்க.

அடுத்து வேலைக்குப் போறவங்க. இங்க நிதானமா எழுதணும், ஏன்னா எல்லாரும் "இத்தனை ஆயிரம் வேலை"ன்னு ஒரே நம்பரா சொல்லிட்டுப் போயிருவாங்க. பெர்மனென்ட், ட்ரெய்னி, காண்ட்ராக்ட்னு மூணு வரியா பிரிங்க. "மறைமுக வேலை"ன்னு, அதாவது கம்பெனிக்கு வெளிய அதை நம்பி உண்டாகுற வேலைன்னு சொன்னா அதத் தனியா கீழ எழுதுங்க. எதிர்ல அந்த வேலை எத்தனை வருசம் ஓடும்னு ஒரு கட்டம் போடுங்க. நோக்கியா ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல ஆரம்பிச்சு, ஆயிரக்கணக்கான பேரு வேலை பாத்த ஃபேக்டரி, 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. வரி வழக்குல அந்த ஃபேக்டரி மாட்டிக்கிச்சு, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவோட ஃபோன் தொழில வாங்குனப்ப இதை மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு. அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டைல லைன்ல நின்ன புள்ளைங்களுக்கு என்ன சம்பந்தம் சொல்லுங்க? ஃபோர்டு 2021ல மூடப்போறோம்னு சொல்லி 2022ல மறைமலைநகர்ல கடைசி காரை இறக்குச்சு. அதனால வேலைக்குச் சேரும்போதே சம்பள ரசீது கம்பெனி பேர்ல வருதா ஏஜென்ட் பேர்ல வருதான்னு கேளுங்க, பிஎஃப் வெப்சைட்ல கம்பெனி பேரைப் போட்டுத் தேடுனா மாசம் எத்தனை பேருக்கு பணம் கட்டிருக்காங்கன்னு பாத்துரலாம், இதை மேடைல சொன்ன நம்பரோட ஒத்துப் பாருங்க.

வியாபாரிங்களயும் ஒரே வரில போட்ராதீங்க. 2012ல மத்திய அரசு பல பிராண்டு சரக்கு விக்கிற சில்லறைக் கடைல 51 சதவீதம் வெளிநாட்டு முதலீடு வரலாம்னு சொல்லுச்சு, பத்து லட்சம் பேருக்கு மேல இருக்க ஊருலதான், அதுவும் மாநிலம் ஒத்துக்கிட்டாதான்னு கண்டிஷன். ஜெயலலிதா முடியாதுன்னுட்டாங்க. சரி தப்பிச்சோம்னு மதுரைல மொத்த வியாபாரம் நடக்குற கீழமாசி வீதில நெனச்சாங்க, ஆனா ஆன்லைன் சந்தைக்கு 100 சதவீதம் அனுமதி, சொந்தமா சரக்கு வச்சு விக்கக் கூடாது, அவ்வளவுதான். மொத்த விற்பனைக்கும் 100 சதவீதம் திறந்துதான் இருக்கு. மொத்த விற்பனைல ஒரு வெளிநாட்டு கம்பெனி இறங்குனா செல்லூர்ல பெட்டிக்கடை வச்சிருக்கவருக்கு சரக்கு மலிவாக் கிடைக்கலாம், அவருக்கு இத்தனை வருசம் கடனுக்கு சரக்கு போட்ட கீழமாசி வீதி மண்டிக்காரருக்கு அடி, அங்க மூட்டை தூக்குறவருக்கு அதவிட பெரிய அடி. மூணு பேருக்கும் தனித்தனி வரி வேணும்.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைல பட்டறை வச்சிருக்கவங்களுக்கு ஆர்டர் வந்தா நல்லதுதான், ஆனா பணம் எப்ப வரும்னு கேக்கணும். 2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள்ள குடுத்தாகணும், ஒப்பந்தத்துல 90 நாள்னு எழுதிருந்தா கையெழுத்துப் போடாதீங்க. வாங்குற ஜனங்களுக்கு பொருள் சல்லிசாகும், அரசாங்கத்துக்கு வரி வரும், கூடவே எவ்வளவு சலுகை குடுக்குதுன்னு கழிச்சுப் பாக்கணும்.

தண்ணியும் நிலமும் கடைசியா, ஆனா எனக்கு முக்கியமானது இதான். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான்ல பெப்சி, கோக் தயாரிக்கிறதுக்கு தாமிரபரணித் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நம்ம மதுரை ஹைகோர்ட் கிளை 2016 நவம்பர்ல தடை போட்டுச்சு, 2017 மார்ச்ல வழக்கையே தள்ளுபடி பண்ணிருச்சு. அரசாங்கத் தரப்புல உபரித் தண்ணி, அதாவது மிஞ்சுற தண்ணிதான் குடுக்குறோம்னு சொன்னாங்க. உபரின்னு யார் அளக்குறது, எந்த மாசத்துல அளக்குறதுன்னு விவசாயி கேக்குறதுல எனக்கு தப்பே தெரியல. அதே மார்ச்ல வணிகர் சங்கங்களும் பெப்சி, கோக் ரெண்டையும் விக்க மாட்டோம்னு இறங்குனாங்க.

அரிட்டாபட்டிய கறாரா அந்நிய முதலீடுன்னு சொல்ல முடியாது, ஆனா முதலாளி யாருன்னு நூல் புடிச்சுப் போறதுக்கு நல்ல பாடம். மேலூர் பக்கம் இருக்க அந்த ஊர்ல டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க், அது வேதாந்தா கையில, வேதாந்தாவுக்கு மேல லண்டன் கம்பெனி. 2024 நவம்பர்ல அறிவிப்பு வந்துச்சு, மேலூர் பக்கத்து ஜனம் மொத்தமும் மதுரைக்கு பேரணியா வந்தாங்க, 2025 ஜனவரி 23 ஏலம் ரத்தாச்சு. இந்த மாதிரி இடத்துல பட்டா இருக்கவரு இழப்பீடு கேக்க ஒரு பேப்பராவது வச்சிருப்பாரு. வாய்ப்பேச்சுல குத்தகைக்கு உழுறவரு, ஆடு மேய்க்கிறவரு, நாத்து நட வர்ற பொம்பளைங்க கையில எந்தப் பேப்பரும் இருக்காது, அவங்கள மொத வரில எழுதுங்க.

நோட்டுல ஓட்டையா இருக்க கட்டத்தை ரொப்ப வழி இருக்கு. சுற்றுச்சூழல் அனுமதிக்கு கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படுற திட்டம்னா 30 நாள் முன்னாடியே பேப்பர்ல அறிவிப்பு வரணும், சுருக்க அறிக்கை தமிழ்ல கிடைக்கும், வாங்கிப் படிச்சுட்டுப் போங்க. கிராமசபைல தீர்மானம் போடச் சொல்லுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடலாம், அதுல "திட்டம் பத்தி தகவல் வேணும்"னு பொதுவா எழுதுனா பொதுவாத்தான் பதில் வரும். தினமும் எத்தனை லிட்டர் தண்ணி, எந்த ஆதாரத்துல இருந்து, என்ன விலைக்கு, எத்தனை வருசத்துக்கு, என்ன சலுகை, வேலை உறுதி எழுத்துல இருக்கான்னு ஒவ்வொண்ணா நம்பர் போட்டுக் கேளுங்க.