மாதிரி ரயில் தானே நிற்கவும் புறப்படவும், சிக்னலோடு: ஆர்டுவினோ வழி

ரயில் நிலையத்தை நெருங்கும்போது வேகம் குறைந்து, நடைமேடையில் நின்று, ஸ்டார்ட்டர் சிக்னல் (நிலையத்திலிருந்து கிளம்ப அனுமதிப்பது) பச்சையானதும் தானே கிளம்ப வேண்டும். எச்.ஓ. அளவில் (1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) ஒரு ரயில், ஒரு நிலையம், இரண்டு சிக்னல் வைத்து இதைச் செய்யும் முறை கீழே. இது சாதாரண 12 வோல்ட் டி.சி. பாதைக்கானது. டி.சி.சி. (டிஜிட்டல் கட்டளை முறை) பாதையில் மின்சாரம் எப்போதும் முழு அளவில் இருக்கும், கட்டளையும் அதே மின்சாரத்தோடு சேர்ந்தே போகும். அங்கே இந்த வழி பொருந்தாது.

வேண்டியவை

ஆர்டுவினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிப் பலகை) 1, எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) 1, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 1, ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) சென்சார் மாட்யூல் 3, 3 மி.மீ. எல்.இ.டி. 4 (சிவப்பு 2, மஞ்சள் 1, பச்சை 1), 330 ஓம் ரெசிஸ்டர் 4, 10 கிலோஓம் ரெசிஸ்டர் 1, ஒரு புஷ் பட்டன், கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் டியூப் கொஞ்சம்.

படி 1: பாதை

எட்டுக்கு நாலு அடி பிளைவுட் போதும். 438 மி.மீ. ஆர வளைவுகளோடு இருபக்கமும் 168 மி.மீ. நேர்த்துண்டுகள் ஏழேழு போட்டால் சுற்று சுமார் 5.1 மீட்டர் வரும். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 1.18 மீட்டர். எஞ்சினும் இரண்டு பெட்டியும் நடைமேடையில் வசதியாக நிற்கும்.

மின் இணைப்பை ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு விடாதீர்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள் நாளடைவில் கறுத்து, சுற்றின் மறுபக்கத்தில் ரயில் தளரும். எதிரெதிர் இரண்டு இடங்களில் ஒயரை சால்டர் செய்யுங்கள். உள் தண்டவாளத்துக்கு ஒரு நிறம், வெளித் தண்டவாளத்துக்கு வேறு நிறம். இரண்டு இடத்திலும் நிறம் மாறவே கூடாது, மாறினால் ஷார்ட்.

படி 2: சென்சார்கள்

ரயில் வலஞ்சுழியாக ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நடைமேடை முடியும் இடத்துக்கு 10 செ.மீ. முன்னால் ‘ஆ’ சென்சார், அதுதான் நிற்கும் புள்ளி. அதற்கு 80 செ.மீ. முன்னால் ‘அ’, அங்கே வேகக் குறைப்பு தொடங்கும். நேர்ப்பகுதி முடிந்த இடத்தில் ஸ்டார்ட்டர் சிக்னல், அதைத் தாண்டி 15 செ.மீ. தள்ளி ‘இ’. ஹோம் சிக்னல் (நிலையத்துக்குள் நுழைய அனுமதிப்பது) ‘அ’வுக்குச் சற்று முன்னால். இந்திய ரயில்வேயில் சிக்னல் பொதுவாக ஓட்டுநருக்கு இடப்பக்கம் நிற்கும். இந்தப் பாதையில் அது சுற்றின் வெளிப்பக்கம்.

80 செ.மீ. ஏன்? நொடிக்கு 30 செ.மீ. ஓடும் எச்.ஓ. ரயிலின் அளவு வேகம் மணிக்கு சுமார் 94 கி.மீ. அதை மூன்று நொடியில் 10 செ.மீ.க்கு இறக்கினால் 60 செ.மீ. ஓடியிருக்கும். மிச்சம் 20 செ.மீ. தவழ்ந்து வரும். இந்தத் தவழல்தான் முக்கியம். வேகமாக வந்து ஒரேயடியாக நின்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒரு இடத்திலும் குளிர்ந்திருக்கும்போது வேறொரு இடத்திலும் நிற்கும்.

மாட்யூலில் உள்ள இரண்டு எல்.இ.டி.யையும் தண்டவாளங்களுக்கு நடுவே துளை போட்டு, மேல்நோக்கி வையுங்கள். தெளிவானது ஒளியை அனுப்பும், கறுத்தது வாங்கும். இரண்டுக்கும் தனித்தனியே ஹீட் ஷ்ரிங்க் உறை மாட்டாவிட்டால் ஒளி பக்கவாட்டில் கசிந்து, ரயில் இல்லாமலே ‘ரயில் வந்தது’ என்று காட்டும். எஞ்சினின் அடிப்பாகம் பெரும்பாலும் கறுப்பு பிளாஸ்டிக், ஒளியைத் திருப்பாது. அங்கே ஒரு செ.மீ. அகல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினால் சரியாகிவிடும். எஞ்சினைக் கையால் தள்ளி, மாட்யூலின் சின்ன விளக்கு தவறாமல் எரியும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். சன்னல் வெயில் நேரடியாக விழும் இடத்தில் இது வேலை செய்யாது.

படி 3: ஒயரிங்

டிரைவரின் ஈ.என்.ஏ. (வேகத்தைக் கட்டுப்படுத்தும்) பின்மேல் இருக்கும் ஜம்பர் மூடியைக் கழற்றி, அங்கிருந்து ஆர்டுவினோ பின் 9க்கு இணையுங்கள். மூடியைக் கழற்ற மறந்தால் புரோகிராம் என்ன சொன்னாலும் ரயில் முழு வேகத்தில்தான் ஓடும். ஐ.என்.1 பின் 7க்கு, ஐ.என்.2 பின் 8க்கு. சென்சார்கள் அ, ஆ, இ முறையே 2, 3, 4. பட்டன் பின் 5. ஸ்டார்ட்டர் சிவப்பு 10, பச்சை 11, ஹோம் சிவப்பு 12, மஞ்சள் ஏ0. ஒவ்வொரு விளக்குக்கும் தனி 330 ஓம். டிரைவரின் கிரவுண்டும் ஆர்டுவினோவின் கிரவுண்டும் கட்டாயம் சேர வேண்டும்.

ஈ.என்.ஏ.வுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அந்த 10 கிலோஓமைப் போடுங்கள். ஆர்டுவினோ விழித்தெழும் ஓரிரு நொடிக்கு அதன் பின்கள் எந்த நிலையிலும் இல்லாமல் தொங்கும். அப்போது ரயில் துள்ளிக் கிளம்பாமல் இது பார்த்துக்கொள்ளும்.

பழைய கன்ட்ரோலரைப் பாதையிலிருந்து முழுமையாகக் கழற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் டிரைவர் எரிந்துபோகலாம்.

படி 4: எஞ்சினை அளப்பது

வேக எண் 0 முதல் 255 வரை. 0இலிருந்து ஐந்தைந்தாக ஏற்றி, எஞ்சின் நகரத் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று மேலே தவழும் வேகம். கீழே 80 தவழல், 160 ஓட்டம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் எஞ்சினுக்கு எண்கள் மாறும். மோட்டார் மெல்ல ரீங்காரமிடுவது இயல்பு. பின் 9 நொடிக்குச் சுமார் 490 முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் வரும் சத்தம் அது. ஆனால் கோர்லெஸ் (சுழலும் சுருளுக்குள் இரும்பு இல்லாத) மோட்டார் உள்ள எஞ்சினை இதில் ஓட்ட வேண்டாம், சூடேறும்.

படி 5: புரோகிராமின் போக்கு

டிலே (காத்திருக்கச் சொல்லும்) கட்டளையைத் தொடாதீர்கள், அது ஓடும் நேரம் முழுக்க சென்சாரை யாரும் பார்க்க மாட்டார்கள். நேரத்தை மில்லிஸ் (தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிநொடிகளைச் சொல்லும் கட்டளை) வைத்துக் கணக்கிடுங்கள். ரயில் எப்போதும் ஐந்து நிலைகளில் ஒன்றில் இருக்கும்:

1. ஓட்டம்: வேகம் 160, ஸ்டார்ட்டர் சிவப்பு, ஹோம் மஞ்சள். மஞ்சளின் பொருள்: அடுத்த சிக்னல் சிவப்பு, நிற்கத் தயாராகு. ‘அ’ தட்டினால் (ரயிலைக் கண்டால்) ஹோம் சிவப்பு, அடுத்த நிலை.
2. குறைப்பு: 75 மில்லிநொடிக்கு 2 வீதம் 80 வரை.
3. தவழல்: ‘ஆ’ தட்டியதும் வேகம் 0.
4. நிற்றல்: 20 நொடி. பிறகு பச்சை. பச்சை விழுந்து 2 நொடி கழித்தே கிளம்ப வேண்டும்.
5. புறப்பாடு: அதே வீதத்தில் 160 வரை. ‘இ’ தட்டியதும் ஸ்டார்ட்டர் சிவப்பு. ‘இ’ தொடர்ந்து 2 நொடி காலியாக இருந்தால் கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது, ஹோம் மஞ்சள், மீண்டும் ஓட்டம்.

‘இ’யில் அந்த 2 நொடி இல்லாவிட்டால் பெட்டிகளுக்கு இடையிலான இடைவெளியைப் பார்த்து ரயில் போய்விட்டதாக ஏமாறும். ஒவ்வொரு நிலையிலும் அடுத்து வர வேண்டிய சென்சாரை மட்டும் கேளுங்கள்.

படி 6: பழுதானால் சிவப்பு

இதை விட்டுவிட்டுச் செய்தால் அது பொம்மை விளக்கு, சிக்னல் அல்ல. 1872இல் வில்லியம் ராபின்சன் கொண்டுவந்த மூடிய டிராக் சர்க்யூட்டில், தண்டவாளம் வழியே ஓடும் மின்சாரம்தான் ரிலேயை (மின்காந்த சுவிட்சை) பிடித்து வைத்திருக்கும். ரயிலின் சக்கரம் குறுக்கிட்டால் ரிலே விழும், சிவப்பு. பேட்டரி செத்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் அதே சிவப்புதான்.

நம் ஐஆர் மாட்யூல் இதற்கு நேர்மாறு. ஒயர் அறுந்தால் ‘ரயில் இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால் காலக்கெடு வையுங்கள். ‘அ’ தட்டி 12 நொடிக்குள் ‘ஆ’ வராவிட்டாலும் (சாதாரணமாக 5 நொடி போதும்), கிளம்பி 10 நொடிக்குள் ‘இ’ வராவிட்டாலும், ‘இ’க்குப் பின் 40 நொடிக்குள் ‘அ’ வராவிட்டாலும் வேகம் 0, எல்லா சிக்னலும் சிவப்பு, பட்டனை அழுத்தும்வரை அசையக் கூடாது. தடம்புரண்டு நின்ற எஞ்சினின் மோட்டார் கருகாமல் காப்பதும் இதுவே.

மின்சாரம் போட்டதும் ரயில் எங்கே நிற்கிறது என்று ஆர்டுவினோவுக்குத் தெரியாது. தொடக்கமும் இதே எல்லாம் சிவப்பு நிலைதான். ரயிலை ‘இ’க்கும் ‘அ’வுக்கும் இடையே வைத்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஒரு சென்சார் ஒயரை வேண்டுமென்றே பிடுங்கிப் பாருங்கள், மூன்றையும் ஒவ்வொன்றாக. எதைப் பிடுங்கினாலும் ரயில் நின்று எல்லாம் சிவப்பானால்தான் இரண்டாவது ரயிலைப் பற்றி யோசிக்கலாம்.