நல்லார்பர் சமவெளியைக் காரில் கடப்பவர்களுக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனையும் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவையும் நல்லார்பர் சமவெளி வழியாக இணைக்கும் எயர் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,660 கி.மீ. நீளமுள்ளது. முழுவதும் தார்ச்சாலைதானே என்று பலர் ஆயத்தமின்றிக் கிளம்பிவிடுகிறார்கள். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது; கைகளுக்கு வேலையில்லாத அந்த நேர்கோட்டில் ஓட்டுநரின் கண்கள் அவரறியாமலே செருகிக்கொள்ளும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் 3 விநாடி கண்ணயர்ந்தால் கார் 90 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கொட்டாவி தொடர்ந்தால் காப்பியை நம்பாமல், ஓய்விடத்தில் ஒதுங்கி 20 நிமிடம் தூங்குங்கள்.

அடுத்த ஆபத்து, பல இழுவைப் பெட்டிகளைக் கோத்து இழுத்துச் செல்லும், 36.5 மீட்டர் வரை நீளும் 'ரோடு டிரெய்ன்' லாரிகள். 100 கி.மீ. வேகத்தில் செல்லும் அத்தகைய லாரியை 110 கி.மீ. வேகத்தில் முந்த, முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியைச் சேர்த்தால், ஏறக்குறைய 36 விநாடிகளும் 1.1 கி.மீ. சாலையும் தேவைப்படும், எதிரே வரும் வண்டியும் அதே நேரத்தில் அவ்வளவு தூரம் நெருங்கிவிடும் என்பதால், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிந்தாலன்றி முந்தாதீர்கள். கானல் நீர் தூரத்து வண்டியை மறைக்கும் நண்பகலில் இன்னும் பொறுமை வேண்டும்.

கங்காருகள் அந்தியிலும் விடியலிலும் இரவிலும் சாலைக்கு வரும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடத்தை அடையும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பாய்ந்தால் நேராகவே பிரேக் பிடியுங்கள்; பரிதாபப்பட்டு ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் கார் கவிழக்கூடும். அடிபட்டுக் கிடக்கும் விலங்கைத் தின்னும் பெருங்கழுகுகள் மெதுவாகவே எழும்பும் என்பதால், அவற்றைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சில இடங்களில் அடுத்த எரிபொருள் நிலையம் 180 கி.மீ. தள்ளித்தான் இருக்கும், பாதி டாங்க் மீதமிருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீரைப் புறப்படும் ஊரிலேயே தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். வழியிலுள்ள விடுதிகளுக்கே தண்ணீர் அரிது. செல்பேசிச் சமிக்ஞை பெரும்பகுதியில் கிடைக்காது. வண்டி பழுதானால் உதவி தேடி நடந்து போகவே கூடாது. பானெட்டைத் தூக்கிவைத்து, வண்டியின் நிழலிலேயே காத்திருங்கள். சாலையின் சில பகுதிகள் பறக்கும் மருத்துவர் சேவையின் அவசர விமான ஓடுபாதைகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே மட்டும் ஒருபோதும் வண்டியை நிறுத்தாதீர்கள்.