கல்வி உதவித்தொகை: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடியானதும் ‘நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்’ என்று அத்துடன் விட்டுவிடும் வழக்கம் தாராவியிலும் அண்டாப்ஹில்லிலும் பரவலாக உண்டு. அந்தச் சலிப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும், நாம் தந்த ஆவணத்தில் குறை இருந்ததா, அல்லது விதியே அநியாயமானதா என்று பிரித்துப் பார்க்காமல் ஒதுங்குவதுதான் முதல் தவறு; ஏனெனில் முன்னதை நாமே சரிசெய்யலாம், பின்னதை எதிர்த்துக் கேட்கலாம்.

மிக அதிகமாக நடக்கும் தவறு சாதிச் சான்றிதழில்தான். ஊரில் உள்ள உறவினர் மூலம் திருநெல்வேலியில் புதிதாகச் சான்றிதழ் வாங்கி, அதை மகாராஷ்டிர அரசின் உதவிக்கான விண்ணப்பத்தோடு இணைத்தால் அது செல்லாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இடம்பெயர்ந்து சென்ற மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தும், இதர பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13-க்கு முன்பிருந்தும் குடும்பம் இங்கு வாழ்வதை நிறுவ வேண்டும். ஒரே சந்தில், ஒரே சாதியைச் சேர்ந்த, ஒரே கூலி வாங்கும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்: தாத்தா 1946-இல் தோல் பதனிடும் வேலைக்கு வந்திருந்தால் பேத்திக்கு உதவி உண்டு, 1956-இல் வந்திருந்தால் இல்லை. பத்தாண்டு இடைவெளிக்காக இன்றைய குழந்தையைத் தண்டிப்பது நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் விதி மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தா படித்த மாநகராட்சிப் பள்ளியின் பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சாதியும் சேர்ந்த தேதியும் எழுதப்பட்டிருக்கலாம்; அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பெறுங்கள். மக்கிப்போன வாடகை ரசீதுகளையும் பழைய ரேஷன் அட்டையையும் தூக்கி எறியாதீர்கள்.

அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்கள் எல்லாக் கதவும் அடைபட்டதாக எண்ண வேண்டாம். தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் திட்டத்துக்குச் சாதிச் சான்றிதழ் கட்டாயமில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்து, எட்டாம் வகுப்பில் நடக்கும் தேர்வில் பிள்ளை தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் உள்ளாட்சிப் பள்ளிகளிலும் படிப்போருக்கு மட்டுமே உரியது என்பதால், தேர்வான பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினால் தொகை கைவிட்டுப் போகும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் நலிவடைந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் நலிவடைந்த பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், அதாவது மாதம் சுமார் 8,300. இந்த நகரத்தில் அந்த வருமானத்தில் வாழ முடியாது என்பது வரம்பின் குறை. அதற்காகக் குறைத்துக் காட்டிய வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பின்னர் சேர்க்கையே ரத்தாகும் நிலைக்குப் பிள்ளையை ஆளாக்காதீர்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு இந்த இடங்களில் வருமான வரம்பே இல்லை என்பது பல வீடுகளுக்குத் தெரியாமலேயே போகிறது.

விதிகள் அசைக்க முடியாதவை என்று நினைப்பதும் தவறு. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இந்த 25 சதவீத இடங்களைத் தரும் கடமையிலிருந்து விலக்கு என்று மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் விதியை மாற்றியபோது வழக்குத் தொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசு உதவித்தொகையை வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் நேரடிப் பணப் பரிமாற்றம் ஆதாருடன் இறுதியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்லும் என்பதால், புதுக் கணக்கு தொடங்கியவர்கள் எது இணைப்பில் உள்ளது என்று வங்கியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆதார் எண்ணே இல்லாத குழந்தைக்கு அந்த ஒரே காரணத்தால் எந்த நலத்திட்டத்தையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் கூறியுள்ளது. பள்ளி மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.