பெங்களூரிலிருந்து மழைக்காட்டுக்கு: காட்டுயிர்களைக் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் “காட்டுக்குப் போகிறோம்” என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பந்திப்பூரையோ நாகரஹொளேயையோ கபினியையோதான் குறிக்கும். அவை இலையுதிர் காடுகள். கோடையில் மரங்கள் இலை உதிர்த்துவிடுவதால் ஜீப்பில் அமர்ந்தபடியே யானையையும் காட்டெருமையையும், வாய்ப்பிருந்தால் புலியையும் திறந்த வெளியில் பார்த்துவிடலாம். அதே எதிர்பார்ப்புடன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குச் செல்பவர்கள், “அங்கே ஒன்றுமே இல்லை” என்று சொல்லிக்கொண்டு திரும்புவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத அந்தக் காட்டில் மரக்கிளைகள் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூரைபோல் மூடியிருக்கும். உயிர்களில் பெரும்பகுதி அந்தக் கூரையில்தான் வாழ்கிறது. கீழே நடப்பவர் கண்ணில் படுவது அடிமரங்களும் சருகும் மட்டுமே.

நானும் முதல் முறை கர்நாடகத்தின் மழைக்காட்டு ஊரான ஆகும்பேக்குச் சென்றபோது இந்தத் தவற்றையே செய்தேன். இரண்டு நாட்கள் விடாமல் நடந்தும் அட்டைக்கடியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கால்வலி தாளாமல் காட்டோரத்தில் விழுந்துகிடந்த ஒரு மரத்தின்மேல் அமர்ந்தேன். முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மலையணில், பாக்குமரத்திலிருந்து பாக்குமரத்துக்குச் சறுக்கிப் பறந்த ஓர் ஓணான், தலைக்குமேல் சிறகொலி எழுப்பிக் கடந்த இரண்டு இருவாச்சிப் பறவைகள் என எல்லாம் தாமாகவே வந்தன. மழைக்காட்டில் விலங்கைத் தேடிச் செல்வதைவிட, நல்ல இடத்தில் அமர்ந்து அது வரும்வரை காத்திருப்பதே பயன் தரும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சார்ந்தவை.

எங்கே, எப்போது செல்வது

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில், சிவமொக்கா, தீர்த்தஹள்ளி வழியாகச் சென்றடையும் ஆகும்பே முதல் பயணத்துக்கு ஏற்ற ஊர். இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் மலைநாட்டில் இறங்கலாம். பெங்களூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,000 மி.மீ. என்றால், ஆகும்பேயில் 7,000 மி.மீ.க்கும் மேல் பெய்கிறது. ராஜநாகத்தின் வாழ்க்கையை ஆராய்வதற்காகப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005ஆம் ஆண்டு இங்கேதான் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். தமிழ்நாட்டுப் பக்கம் செல்ல விரும்புவோர் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடையலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளைப்போல் எஞ்சி நிற்கும் சோலைத் துண்டுகளில், உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை, நின்று நிதானமாகப் பார்க்க வால்பாறையைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. நீர்மின் திட்டத்துக்கு எதிரான நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் செல்வது என்பது எதைக் காண விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பறவைகளும் குரங்குகளும்தான் நோக்கமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் வசதியானவை. ஆனால் மழைக்காட்டை அதன் முழு உயிர்ப்புடன் அறிய விரும்புவோர் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் ஒருமுறையாவது செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவளைகள் இணைசேரும் காலம் அதுவே. நீர்நிலைக்கு மேலே தொங்கும் இலைகளில் மலபார் பறக்கும் தவளை நுரையால் கூடு கட்டி முட்டையிடுவதையும், அதிலிருந்து தலைப்பிரட்டைகள் நேரே கீழேயுள்ள நீரில் விழுவதையும் வேறெந்தப் பருவத்திலும் பார்க்க இயலாது.

புறப்படுவதற்கு முன்

காட்டுக்குத் தேவையான பயிற்சியைப் பெங்களூரின் லால்பாக் பூங்காவிலேயே தொடங்கலாம். காலை ஆறரை மணிக்கு ஒரு பெருமரத்தின்கீழ் அமர்ந்து, கண்ணை மூடி, பத்து நிமிடத்தில் எத்தனை விதமான குரல்கள் கேட்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடாமல் “குட்ரூ, குட்ரூ” என்று கூப்பிடும் சின்னக் குக்குறுவான் அங்கே மிகவும் பரிச்சயமான பறவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டிலும் நாள்முழுதும் ஒலிப்பது அதே குரல்தான். பழகிய அந்தக் குரலை அடையாளம் கண்டு ஒதுக்கத் தெரிந்துவிட்டால், புதிய குரல்கள் தனித்துக் கேட்கத் தொடங்கும். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிச் செலவிட்டுவிட்டுச் செல்பவருக்குக் காடு கொடுப்பது பல மடங்காக இருக்கும்.

ஆகும்பே, தீர்த்தஹள்ளிப் பகுதி வழிகாட்டிகளோடு கன்னடத்தில்தான் பேச வேண்டியிருக்கும் என்பதால், உள்ளூர்ப் பெயர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இருவாச்சி அங்கே ‘மங்கட்டெ’, சிங்கவால் குரங்கு ‘சிங்கலீக’, ராஜநாகம் ‘காளிங்க சர்ப்ப’, அட்டை ‘இம்பள’. இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கும்போது, வழிகாட்டியின் பேச்சு வழக்கமான சுற்றுலா ஒப்பிப்பிலிருந்து விலகி, அவர் சிறுவயது முதல் கண்டறிந்தவற்றுக்குத் திரும்புவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் படங்களைப் பார்ப்பதைவிடத் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்பதே முக்கியம். வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, குப்பையை எங்கே கொண்டுசெல்கிறீர்கள், விலங்குகள் வருவதற்காக உணவு வைக்கிறீர்களா, இரவில் ஒலிபெருக்கி வைக்கும் வழக்கம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். “உங்களுக்காகப் பாம்பைப் பிடித்துக் காட்டுகிறோம்” என்று எவராவது பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். காட்டுயிரைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ நடக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அதை நீங்களே பெறுவதா, தங்குமிடத்தார் பெற்றுத் தருவார்களா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கொண்டுசெல்ல வேண்டியவை மிகக் குறைவு. 8x42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும் 42 மி.மீ. முன்வில்லை கொண்ட பைனாகுலர் வெளிச்சம் குறைந்த காட்டுக்கு ஏற்றது. அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது கையில் நடுங்கும். பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற உடைகள், நெருக்கமாக நெய்த துணியாலான முழங்கால்வரை நீளும் அட்டை உறை, தலையில் அணியும் டார்ச், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். மழைக்கோட்டைவிடச் சாதாரணக் கறுப்புக் குடையே எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் மழைக்கோட்டின் சரசரப்பில் காட்டின் ஒலிகள் காதில் விழுவதில்லை.

அட்டையும் பாம்பும்

மழைக்காட்டுக்குச் செல்லத் தயங்குவோரில் பலரும் அட்டைக்கு அஞ்சுகிறவர்களே. கால்சட்டையின் நுனியை அட்டை உறைக்குள் செருகிக் கட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். அப்படியும் ஒட்டிக்கொண்டால் பிடுங்கி இழுக்க வேண்டாம். உடலின் குறுகலான முனையே அதன் வாய்ப்பகுதி. அங்கே தோலோடு ஒட்டி நகத்தைச் செலுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் பிடியை விட்டுவிடும். உப்பு போடுவதும் நெருப்பால் சுடுவதும் வழக்கத்தில் இருந்தாலும், அப்போது அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அட்டையின் உமிழ்நீரில் இருப்பதால் காயம் சில மணி நேரம் கசியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சோப்பு நீரால் கழுவித் துணிக்கட்டுப் போட்டால் போதும்.

பாம்பு விஷயத்தில் கவனம் இதைவிடக் கூடுதலாக வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது. ராஜநாகத்துக்கும் மலபார் குழிவிரியனுக்கும் உரியதன்று. குழிவிரியன் ஒரே புதரில் அசையாமல் நாட்கணக்கில் காத்திருக்கும் பழக்கமுடையது என்பதால், கிளையைப் பிடிப்பதற்கு முன்னும் மரத்தில் சாய்வதற்கு முன்னும் கையை வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜநாகம் மனிதரைக் கண்டால் விலகிச் செல்லவே விரும்பும். மழைக்காலத்துக்குச் சற்று முன் பெண் ராஜநாகம் சருகுகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். கூடு கட்டும் பாம்பு உலகில் இது ஒன்றே. அப்படியொரு கூடு இருக்கும் இடம் தெரிந்தால் அருகில் செல்லாமலிருப்பதே முறை.

காட்டுக்குள்

அதிகாலையில் வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, “இப்போது எந்த மரம் பழுத்திருக்கிறது?” என்பதே. காட்டில் அத்தி இன மரம் ஒன்று பழுத்துவிட்டால் இருவாச்சி, பச்சைப்புறா, குக்குறுவான், மலையணில், சிங்கவால் குரங்கு என எல்லாம் அங்கே வந்துபோகும். அந்த மரத்தின் நேர் அடியில் அமராமல், கிளைகள் தெரியும்படி சற்றுத் தள்ளி, முதுகைச் சாய்த்துக்கொள்ள வசதியான இடம் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அமர வேண்டும். முதல் இருபது நிமிடங்கள் எதுவும் நடக்காது. நாம் வந்ததால் அடங்கிப்போன குரல்கள் மீண்டும் எழுவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஒலிகளுக்குப் பொருள் உண்டு. மலையணில் நிறுத்தாமல் கடகடவெனக் கத்தினால் பருந்தோ வேறு வேட்டை விலங்கோ அருகில் இருக்கலாம் என்று கொள்ளலாம். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே ஒலிக்க வல்லது. அதன் குரல் கேட்டவுடன் அசையாமல் நின்றுவிடுங்கள், ஏனெனில் அதைச் சுற்றிப் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடி வருவது வழக்கம். அரை மணி நேரம் வெறுமையாக இருந்த இடம் சில நிமிடங்களுக்கு நிறைந்து, பிறகு மீண்டும் வெறுமையாகிவிடும். பெரிய இருவாச்சி பறக்கும்போது எழும் சிறகொலியோ, கனத்த போர்வையை யாரோ விட்டு விட்டு உதறுவதைப்போல் வெகு தொலைவிலிருந்தே கேட்கும்.

இருவாச்சியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்டின் முதல் சில மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவைத்துக் குஞ்சு பொரிக்கும். ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழமே தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு. பொந்தின் முன் கேமராவோடு ஒரு குழு நின்றால் ஆண் பறவை நெருங்கத் தயங்கும், உள்ளே இருப்பவை பசியோடு கிடக்கும். கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து இக்கூடுகளைக் காத்துவருகிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் ஒரு புகைப்படத்துக்காகக் கெடுத்துவிடக் கூடாது. கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் இதே காரணத்துக்காகவே தவிர்க்கச் சொல்கிறேன். எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தை அந்தப் பறவை அலைந்து வீணாக்கும்.

வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வந்துவிடும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டியவர்களால் பழக்கப்பட்டுச் சாலைக்கு இறங்கிய குரங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறந்திருக்கின்றன. சாலையைத் தரையில் இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டிவிடப்பட்டுள்ளன. வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பாலத்தில் ஒவ்வொன்றாகக் குரங்குகள் கடப்பதைப் பார்த்திருங்கள். உணவு எதையும் கையில் எடுக்கவே வேண்டாம். அந்தி சாய்ந்தபின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தி மூலமும் சிவப்பு விளக்குகள் மூலமும் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. விளக்கு எரிந்தால் உள்ளூர்க்காரர்கள் நின்றுவிடுகிறார்கள், நாமும் அப்படியே நிற்க வேண்டும்.

மழைக்கால இரவில் தங்குமிடத்தை ஒட்டிய குட்டையோரமோ பாக்குத் தோட்டமோ போதும். காட்டுக்குள் செல்லத் தேவையில்லை. தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்வாங்கக் கூடியது. கொசுவிரட்டி பூசிய கையால் தொட்டால் அந்த மருந்து அதன் உடலுக்குள் சென்றுவிடும் என்பதால், தொடாமல் பார்ப்பதே சரி. விளக்கை ஒரே உயிரின்மீது நெடுநேரம் பாய்ச்சாதீர்கள். ஒருமுறையாவது எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் இருட்டில் நில்லுங்கள். மட்கிய கட்டைகளில் வளரும் ஒளிரும் பூஞ்சை அங்கே இருந்தால், கண் இருளுக்குப் பழகியபின் தரையில் மெல்லிய பச்சை ஒளி தெரியத் தொடங்கும்.

திரும்பியபின்

சிவமொக்காப் பகுதிக்குச் சென்று வந்தவர்கள் குரங்குக் காய்ச்சலைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அம்மாவட்டத்தின் க்யாசனூர் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட இந்நோய் உண்ணிக்கடியால் பரவுகிறது. டிசம்பர் முதல் மே வரை அதிகமாகக் காணப்படுவதால், அம்மாதங்களில் செல்பவர்கள் சருகின்மேல் அமராமல் விரிப்பொன்றைக் கொண்டுசெல்ல வேண்டும். குரங்குகள் இறந்துகிடந்ததாகச் சொல்லப்படும் பகுதியை அறவே தவிர்க்க வேண்டும். அன்றன்று வெந்நீரில் குளித்து, அக்குள், முழங்காலின் பின்புறம், காது மடல் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உடுத்திய துணியையும் அப்போதே துவைத்துவிடுங்கள். வீடு திரும்பிய எட்டு நாட்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மலைநாட்டுக் காட்டுக்குப் போய்வந்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனெனில் பெங்களூரில் ஒரு காய்ச்சலைப் பார்த்ததும் அவர் நினைவுக்கு முதலில் வருவது டெங்குவாகத்தான் இருக்கும்.