இத்தாலியின் மலை ஊர்களுக்குப் போகிறீர்களா? இரவு மேலேயே தங்குங்கள்

டஸ்கனி, உம்ப்ரியா பக்கம் போகிறவர்களில் பலர் ஃப்ளோரன்ஸிலோ ரோமிலோ அறை எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் சியெனா, சான் ஜிமிஞானோ, கூடவே பீசா என்று மூன்று ஊரையும் முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்த்தது என்னவோ பார்த்ததுதான். ஆனால் அப்படிப் போகிறவர்கள் ஊருக்குள் இருப்பது காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை. எல்லா டூர் பஸ்களும் வந்து நிற்கிற நேரம் அது, வெயில் உச்சியில் இருக்கிற நேரம் அது, பாதி தேவாலயங்களும் கடைகளும் மதியத்துக்கு மூடிக் கிடக்கிற நேரமும் அதுதான். அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், குறைந்தது ஓர் இரவாவது மலை மேலேயே, பழைய மதிலுக்குள்ளேயே தங்குங்கள். ஐந்து மணிக்கு மேல் பஸ்கள் கிளம்பியதும் ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள், முதியவர்கள் சதுக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போவது.

இந்த ஊர்கள் ஏன் இப்படி உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பயணத் திட்டமும் சுலபமாகும். எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும், அது ஒரு காரணம். கீழே பள்ளத்தாக்குகள் பல சதுப்பாகவும் மலேரியா பிடித்தும் கிடந்தது இன்னொரு காரணம். ஆனால் ரயில் பாதை போட்டவர்கள் சமவெளி வழியாகத்தான் போட்டார்கள். ஆகவே டிக்கெட்டில் ஊர் பெயர் இருந்தாலும் ஸ்டேஷன் பெரும்பாலும் மலையடியில் இருக்கும். "ஸ்டேஷனிலிருந்து மேலே எப்படிப் போவது" என்பதை ஒவ்வோர் ஊருக்கும் தனியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்பே.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஒர்வியேத்தோவைத்தான் சொல்வேன். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மேலே இழுத்துச் செல்லும் கேபிள் ரயில் இருக்கிறது, பழனி விஞ்ச் மாதிரிதான். 1888-ல் தொடங்கியது, அப்போது தண்ணீரின் எடையை வைத்து ஓடியது, இப்போது மின்சாரம். ஊர் முழுக்க எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறைத் திட்டின் மேல் நிற்கிறது. அந்தப் பாறை மென்மையானது, தோண்டச் சுலபம் என்பதால் ரோமானியர்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்தே கீழே குடைந்து தள்ளியிருக்கிறார்கள். கிணறு, பாதாள அறை, புறா வளர்க்கும் குகை என்று எல்லாம் இருக்கின்றன. வழிகாட்டியோடு கூட்டிப் போகிற பாதாளச் சுற்றுலாவைத் தவறவிடாதீர்கள்.

கேபிள் ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புனித பேட்ரிக் கிணறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளெமென்ட் போப் இங்கே தப்பி வந்தார்; ஊரை முற்றுகையிட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் வெட்டச் சொன்ன கிணறு இது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். சுவரைச் சுற்றி இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள், அடியில் இருக்கும் சிறு பாலத்தைத் தவிர இரண்டும் எங்கேயும் சந்திக்காது. ஒன்றில் கோவேறு கழுதைகள் இறங்கும், தண்ணீரோடு மற்றொன்றில் ஏறும், எதிரெதிரே முட்டிக்கொள்ளவே வேண்டாம். கட்டிய அந்தோனியோ த சங்கால்லோவின் மூளையை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தால் போதும், இறங்கினால் ஏறித்தான் ஆக வேண்டும்.

பேராலயத்தை மாலைக்கு வையுங்கள். 1290-ல் தொடங்கிய கட்டடம், முகப்பு மேற்கு பார்த்தது, அதனால் சாயங்கால வெயில் அந்தத் தங்க மொசைக்கின் மேல் நேராக விழும். உள்ளே சான் பிரிசியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞோரெல்லி 1499-ல் வரையத் தொடங்கிய இறுதித் தீர்ப்பு ஓவியங்கள் இருக்கின்றன. மண்ணிலிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து சதை போர்த்திக்கொள்கிற காட்சி ஒன்று உண்டு, அதன் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். மூடும் நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்துக்கொண்டு, உள்ளே பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து வெயிலுக்குக் காத்திருங்கள்.

மறுநாள் காலை அங்கிருந்து சிவிதா தி பாஞோரேஜோ. தனி மலைமேல் ஒற்றைக் கொத்தாக நிற்கிற ஊர், நடைபாலம் ஒன்றுதான் வழி, நுழைவுக் கட்டணம் உண்டு. மேலே பாறை, அடியில் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரிக்க அரிக்க ஓரத்து வீடுகள் சரிந்து விழுந்துகொண்டே வந்திருக்கின்றன. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரே ஏறத்தாழக் காலியானது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒர்வியேத்தோவிலிருந்து பஸ் வந்து இறக்கிவிடுவது பாஞோரேஜோவில். அங்கிருந்து பாலம் வரை இருபது நிமிடத்துக்கு மேல் நடை. காலை ஒன்பது மணிக்குள் பாலத்தில் இருந்தால் ஊர் உங்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அசிசிக்கு வேறு மாதிரி தயாராக வேண்டும். ஸ்டேஷன் இருப்பது கீழே சாந்தா மரியா தெல்யி அஞ்ஜெலியில், அங்கிருந்து மேலே போக டவுன் பஸ் இருக்கிறது. ஆனால் இறங்கியவுடன் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கீழேயே இருக்கும் பெரிய பசிலிக்காவுக்குள் போர்சியுங்கோலா என்ற சின்னஞ்சிறு கல் கோயில் இருக்கிறது. அந்தச் சிறு கோயிலைச் சுற்றித்தான் புனித பிரான்சிஸின் சகோதரர்கள் முதன்முதலில் கூடி வாழ்ந்தார்கள், அதன் பக்கத்திலேயே 1226-ல் அவர் இறந்தார். ஏழ்மையை வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட மனிதரைப் புரிந்துகொள்ள, மேலே இருக்கும் பிரமாண்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. மேலே உள்ள பசிலிக்கா 1228-ல் தொடங்கியது, இரண்டு அடுக்கு. இருட்டான கீழ்த்தளம், அதற்கும் கீழே கல்லறை, வெளிச்சமான மேல்தளம். மேல்தளச் சுவர்களில் அவருடைய வாழ்க்கை 28 ஓவியங்களாக இருக்கிறது, ஜியோத்தோவின் கை என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் இதன் கூரை விழுந்து உள்ளே இருந்த நான்கு பேர் இறந்தார்கள். நொறுங்கிய ஓவியங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், படம் எடுக்க அனுமதி இல்லை. நேரமும் தெம்பும் இருந்தால் சுபாசியோ மலைச் சரிவில் நாலு கிலோமீட்டர் போல ஏறி, காட்டுக்குள் இருக்கும் கார்செரி துறவுக் குகைகளுக்குப் போய் வாருங்கள். கூட்டம் அங்கே மிகக் குறைவு.

சியெனாவில் எல்லோரும் காம்போ சதுக்கத்தைப் பார்ப்பார்கள், அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்வது, அதன் ஓரத்தில் இருக்கும் நகர மாளிகைக்குள் போய் அம்ப்ரோஜியோ லோரென்செத்தி 1338-39-ல் வரைந்த நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்களைப் பாருங்கள். அப்புறம் அதே மாளிகையின் பின்பக்கத் திறந்த மாடத்துக்குப் போங்கள். ஓவியத்தில் பார்த்த அதே மேடு பள்ளமான வயல்வெளி கண்ணுக்கு முன்னால் விரியும். பேராலயத்தைப் பெரிதாக்க எடுத்த வேலை 1348 கொள்ளைநோயோடு நின்றுபோனது, பாதியில் நின்ற அந்தச் சுவரின் மேல் ஏறலாம். பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16. அந்த நாட்களை ஒட்டி அறை வேண்டுமானால் பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஊருக்குப் பக்கத்திலேயே இறங்கலாம், ரயிலில் வந்தால் கீழிருந்து எஸ்கலேட்டர்களில் ஏறி வர வேண்டும்.

எஸ்கலேட்டர் என்றதும் பெருஜியா. 1540-ல் மூன்றாம் பால் போப் ஊரை அடக்கி, ஒரு குடியிருப்பையே மண்ணுக்கடியில் புதைத்துக் கோட்டை கட்டினார். கீழிருந்து நகரத்துக்கு ஏறும் எஸ்கலேட்டர் இன்று அந்தப் புதைந்த தெருக்களுக்குள்ளேயே போகிறது. டிக்கெட்டே வேண்டாம். சான் ஜிமிஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது 14. போஜிபோன்சியிலிருந்து பஸ், மாலையில் போங்கள்.

கார் எப்போது தேவை? மேலே சொன்னவற்றுக்குத் தேவையே இல்லை. ஆனால் பியென்சா, மோன்தால்சினோ, சதுக்கமே வெந்நீர்க் குளமாக இருக்கும் பாஞோ விஞோனி என்று வால் தோர்ச்சா பள்ளத்தாக்கைச் சுற்ற கார் இல்லாமல் சிரமம். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வயல் பச்சை, ஜூனுக்கு மேல் பொன்னிறம், இலையுதிர் காலத்தில் உழுத மண். எனக்குப் பிடித்தது மே. இந்திய லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். மிக முக்கியமானது செட்-டி-எல் (ZTL) எனப்படும், வெளி வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதி: பழைய ஊரின் வாசலில் சிவப்பு வட்டப் பலகையும் கேமராவும் இருக்கும், யாரும் கையைக் காட்டி நிறுத்த மாட்டார்கள், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், வாடகைக் கார் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் எடுக்கும். ஜிபிஎஸ் சொன்னது என்று உள்ளே திருப்பிவிடாதீர்கள். மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு உங்களுக்கில்லை. ஹோட்டல் உள்ளே இருந்தால், கார் எண்ணை அவர்களிடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்கித் தர முடியுமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் நேரம்தான் விஷயம். மதியம் இரண்டரைக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், இரவு ஏழரைக்கு முன் திறக்காது. பில்லில் கொபெர்தோ என்று தலைக்கு ஒரு தொகை சேரும், அது ஏமாற்று அல்ல. காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறைவு. சைவர்கள் பெரிய பூண்டும் தக்காளியும் போட்ட பீச்சி அல்யோனே என்ற பாஸ்தாவைக் கேட்கலாம். சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி கல் பாவிய ஏற்றத்தில் உயிரை எடுக்கும், தோள்பை போதும். பிராந்திய ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் மெஷினில் முத்திரை குத்துங்கள், செல்போன் டிக்கெட்டானால் செக்-இன் செய்யுங்கள். பஸ் டிக்கெட்டை "T" என்ற எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்தே, ஏனென்றால் சின்ன ஊர்களில் அந்தக் கடையும் மதியம் மூடிவிடும். பஸ் அட்டவணையில் ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரை, ஃபெஸ்தீவோ என்றால் ஞாயிறும் விடுமுறையும். இறங்கிய உடனே அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்து, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு ஊருக்குள் நடங்கள்.