புதுத் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைத் தொட்டியில் பார்க்கும்போது எல்லா மீனும் விரல் நீளக் குஞ்சாகத்தான் இருக்கும். கப்பியும் அப்படித்தான், பாலா ஷார்க்கும் அப்படித்தான், ஆஸ்காரும் அப்படித்தான். வளர்ந்து முடிந்த பிறகு கப்பி சுண்டுவிரல் அளவோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் 30 செ.மீ. வரை போகும்.

என் முதல் தொட்டியில் பத்து நியான் டெட்ராவோடு இரண்டு ஏஞ்சல் மீன் குஞ்சுகளை விட்டேன். நாலு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் பிறகு ஒரு நாள் எண்ணினால் எட்டு நியான், அடுத்த வாரம் ஆறு. செத்த மீன் எங்கேயும் கிடைக்கவில்லை. நோயாக இருக்குமோ என்று மருந்துகூடப் போட்டேன். ஒருநாள் விடியுமுன் எழுந்து விளக்கைப் போட்டபோது, பெரிய ஏஞ்சலின் வாய்க்கு வெளியே நியானின் சிவந்த வால்பக்கம் மட்டும் தெரிந்தது. ஏஞ்சலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென் அமெரிக்க ஆறுகளில் சிறு மீன்களைப் பிடித்துத் தின்று வாழும் இனம் அது. சேர்க்கக் கூடாததைச் சேர்த்தது நான்.

அன்றிலிருந்து மீன் தேர்வை வீட்டிலேயே, தாளும் பேனாவுமாக முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தொட்டியை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 36 தொட்டி என்றால் சுமார் 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 55 லிட்டர்தான் இருக்கும். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியது வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் குறையக் குறைய, கொஞ்சம் தீனி அதிகமானாலே கெட்டுவிடும்.

உயரத்தைவிட நீளம் முக்கியம். ஜீப்ரா டேனியோ போன்றவை நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுபவை. நெட்டையான, ஒடுங்கிய தொட்டி அவற்றுக்குச் சிறைதான்.

படி 2: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

பலரும் தாண்டிப்போகும் படி இது. மீன்களுக்குள் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்கு முன், மீனும் தண்ணீரும் ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து படிகிறதா? அப்படியென்றால் உங்களுடையது கடினநீர். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு), கடினத்தன்மை இரண்டையும் காட்டும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். மீனுக்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

கடினநீரில் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் நான்கும் செழிக்கும். மென்னீரில் நியான், கார்டினல், ரம்மிநோஸ் டெட்ராக்கள், ஹார்லிக்வின் ரஸ்போரா. இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலான குழாய்த் தண்ணீரில் பழகிக்கொள்பவையும் உண்டு: ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், அடியில் திரியும் சிறு கெளுத்தியான வெண்கலக் கோரிடோராஸ்.

மென்னீரில் விடப்பட்ட மோலியைப் பார்த்திருக்கிறீர்களா? துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்னேறாமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆடுகிறது என்று குழந்தைகள் சிரிப்பார்கள். அது அவஸ்தை.

பி.எச். இறக்கும் சொட்டுமருந்து ஊற்றித் தண்ணீரை மீனுக்காக மாற்றப் பார்க்காதீர்கள். தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அதை மறுபடி மேலே இழுத்துவிடும். இப்படி ஏறி இறங்குவது மீனுக்கு நிலையான 7.8 பி.எச்.-ஐவிடக் கெடுதல். தண்ணீருக்கேற்ற மீனை எடுப்பதுதான் எளிது.

வெப்பமும் இங்கேயே பார்த்துவிடலாம். பல இனங்கள் சேர்ந்து வாழும் கூட்டுத் தொட்டி மீன்களில் பெரும்பாலானவை 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கும். தங்கமீன் 18 முதல் 22 டிகிரிக் குளிர்ச்சி கேட்பது, கழிவும் மிக அதிகம். டிஸ்கஸ் 28-க்கு மேல் கேட்பது. இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

படி 3: தொட்டி தயாராகட்டும்

மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. இந்தப் பாக்டீரியாக்கள் பில்டரில் குடியேற, மீன் இல்லாமல் அமோனியா மட்டும் கொடுத்து வளர்த்தால், பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். சோதனையில் அமோனியா 0, நைட்ரைட் 0 என்று வந்து, நைட்ரேட் தென்படும் வரை மீன் வேண்டாம். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பில்டர் பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காலம் குறையும்.

படி 4: ஒவ்வொரு மீனையும் நான்கு கேள்வி கேளுங்கள்

தாளில் உங்களுக்குப் பிடித்த மீன்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி, வளர்ந்தபின் எவ்வளவு பெரிது? வாய்க்குள் போவதை மீன் தின்னும். சாதுவாகத் திரியும் பிக்டஸ் கெளுத்தியும் இரவில் நியானை விழுங்கும். "டேங்க் கிளீனர்" என்று கொடுக்கப்படும் சக்கர் மீன் 40 செ.மீ.-க்கு மேல் வளரும். அது தொட்டியைச் சுத்தம் செய்யாது, அதன் கழிவைச் சுத்தம் செய்வதே உங்கள் வேலையாகிவிடும். பாசிக்கு மீன் வேண்டுமென்றால் 12 செ.மீ. அளவில் நிற்கும் பிரிசில்நோஸ் பாருங்கள், அதுவும் பெரிய தொட்டிக்கு. சைனீஸ் ஆல்கே ஈட்டர் வேண்டவே வேண்டாம். குஞ்சில் பாசி தின்பது, வளர்ந்ததும் தட்டை உடம்பு மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

இரண்டாவது, எத்தனை பேராக வாழ்வது? டெட்ரா, ரஸ்போரா, டேனியோ, பார்ப், கோரிடோராஸ் எல்லாம் கூட்ட மீன்கள். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு வேண்டும். ஐந்து வகையில் இரண்டிரண்டு என்று வாங்குவதுதான் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பார்க்கக் கலர்கலராக இருக்கும், ஆனால் எல்லாமே செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரே இனத்தில் எட்டு விட்டால் அவையே முன்னால் வந்து திரியும்.

மூன்றாவது, துடுப்பு கடிக்குமா? டைகர் பார்ப், செர்பே டெட்ரா இரண்டும் இதற்குப் பேர்போனவை. இவற்றோடு ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல், கௌராமி போன்ற நீளத் துடுப்பு மீன்களைச் சேர்த்தால் ஒரே வாரத்தில் வால் பிய்ந்த துணிபோல் ஆகும். டைகர் பார்ப்தான் வேண்டுமென்றால் எட்டு, பத்தாகக் கூட்டமாக வையுங்கள். அப்போது சண்டையை அவற்றுக்குள் முடித்துக்கொள்ளும். கூட, வேகமாக நீந்தும் குட்டைத் துடுப்பு மீன்கள் மட்டும்.

நான்காவது, இடத்துக்குச் சண்டை போடுமா? ஆண் ஃபைட்டர் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது. ரெட் டெயில் ஷார்க் தன் மூலையை யாருக்கும் விடாது. நீலக் கௌராமியும் வளர வளர முரடாகும். தேன் கௌராமி இதற்கு நேர் எதிர், சாது.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. ஆண் பெண்ணை விடாமல் துரத்தும், அதனால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண். பெண் கப்பி விந்தைச் சேமித்து வைத்துக்கொள்வதால், ஆணே இல்லாத தொட்டியிலும் சில மாதம் வரை குட்டி போட்டுக்கொண்டிருக்கும். குட்டிகளை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் ஆண் மட்டும் வாங்குவது நல்லது.

படி 5: மேல், நடு, அடி

எல்லா மீனும் நடுவிலேயே நீந்தினால் நெரிசல். மேல்மட்டத்துக்குக் கௌராமி, நடுவுக்கு ரஸ்போராவோ டெட்ராவோ, அடிக்குக் கோரிடோராஸ் என்று பிரியுங்கள்.

கோரிடோராஸுக்குக் கூர்மையில்லாத மென்மணல் போடுங்கள். முகத்தைக் கண் வரை மணலில் புதைத்து, மீசையால் துழாவி, வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியே புகையாக விடும். சரளைக்கல்லில் இது நடக்காது. அவ்வப்போது அம்புபோல் மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். குடல் வழியாகவும் அதனால் சுவாசிக்க முடியும், பயப்படாதீர்கள். கூட்டத்தில் எல்லாமே ஓயாமல் மேலே ஓடினால் மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள். மிச்சத்தைத் தின்று வாழட்டும் என்று விடாமல், அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போடுங்கள்.

படி 6: பட்டியலை முடியுங்கள்

மேலே சொன்ன 65 லிட்டர் தொட்டிக்கு நான் எழுதும் பட்டியல் இவ்வளவுதான். கடினநீர் என்றால், ஆண் கப்பி ஏழு, வெண்கலக் கோரிடோராஸ் ஆறு. மென்னீர் என்றால், ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு, பாண்டா கோரிடோராஸ் ஆறு, தேன் கௌராமி ஒன்று. ஹீட்டரை 24-இல் வைக்கலாம். குறைவாகத் தெரிகிறதா? தெரியட்டும். தண்ணீர் தெளிவாக நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் நடுமட்டக் கூட்டம். இரண்டு வாரம் அமோனியா 0-விலேயே நின்றால் கோரிடோராஸ். இடம் பிடிக்கும் பழக்கமுள்ள கௌராமி கடைசியில். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

படி 7: கடையிலும் வீட்டிலும்

கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டிருப்பது, உப்புத் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி, ஒட்டிய வயிறு, அதே தொட்டியில் ஒரு செத்த மீன் — இதில் எது இருந்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள். உடம்பில் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களை வாங்காதீர்கள். ஊசியால் குத்தி ஏற்றிய நிறம் அது, நாளடைவில் மங்கியும் போகும்.

தனித் தொட்டி இருந்தால் புது மீனை இரண்டு மூன்று வாரம் அதில் வைத்திருந்து மாற்றுங்கள். விடும்போது விளக்கை அணைத்து, பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

முதல் வாரம் தீனி போடும் நேரத்தில் கவனியுங்கள். யாராவது யாரையாவது மூலைக்கு விரட்டினால், கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை கலைந்து, பலமுறை சண்டை அதோடு அடங்கும். அடங்காவிட்டால் அந்த மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தினமும் காலையில் தீனிக்கு முன் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், மூடி திறந்திருந்தால் குதித்திருக்கும். அடுத்துப் பில்டரின் உறிஞ்சுகுழாய், பிறகு கல்லிடுக்கு. அங்கேயும் இல்லையென்றால், தொட்டியிலேயே பெரிய மீன் எது என்று பார்த்து, அதன் வயிற்றைக் கவனியுங்கள்.